ஸ்பேர் பாயின் இரண்டாவது சிலிண்டர்

சிராங்கூன் சாலை கண்ட மனிதர்களிலேயே, எந்தப் பொருளையும் ஒன்றே ஒன்றாக எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படாதவர் ஸ்பேர் பாய் ஒருவர்தாம். இரண்டு கைகளிலும் கடிகாரம். தோளில் இரண்டு குடைகள். சட்டைப் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள், இரண்டு பயண அட்டைகள். என் மகளின் திருமணத்துக்கு ஒரே மாதிரியான இரண்டு சுவர்க்கடிகாரங்களைக் கொண்டுவந்தார். "ஒண்ணு நின்னு போச்சுன்னாலும் இன்னொண்ணு ஓடும்மா" என்று மணமேடையிலேயே வாழ்த்தினார். என் சம்பந்தியம்மாள் அந்த வாழ்த்தை இன்றுவரை மறக்கவில்லை.

மிக்சி, மின்விசிறி ஆகியவற்றின் உதிரிபாகங்களை விற்கும் சிறு கடை அவருடையது. அவருடைய இயற்பெயரை நான் கேட்டறிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடலுக்கடியில் இருப்பார். இருபது ஆண்டுகளாக அதுவே அவருடைய பொழுதுபோக்கு.

அவரிடம் நான் அகப்பட்டதற்கு என் தமிழ்ப்பற்றே காரணம். நூலகத்து வாசகர் கூட்டத்தில், 'ஆழ்கடல் என்னும் அற்புத உலகம்' என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் பாய் எழுந்து நின்றார்.

"ஐயா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எத்தனை மீட்டர் வரைக்கும் போயிருக்கீங்க?"

முழங்கால் அளவு என்று சபையில் எப்படிச் சொல்வது? "இனிமேல்தான் போகவேண்டும்" என்றேன்.

"அப்ப வாங்க லா, போவோம்!"

மறுபடியும் கைதட்டினார்கள். அறுபத்து மூன்று வயதில் என் கதி அந்தக் கைதட்டலில் முடிவாயிற்று.

நீச்சல் குளத்தில் முறையான பயிற்சி பெற்றேன், சான்றிதழும் கொடுத்தார்கள். அச்சத்தைப் போக்கும் சான்றிதழை மட்டும் எவரும் கொடுக்கவில்லை. தோ பாயோவில் உள்ள என் வீட்டில், நடு உறக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழத் தொடங்கினேன். "பாத்ரூம் வாளியப் பாத்தே பயப்படுறீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று என் மனைவி கேட்டாள்.

இந்நிலையில் பாய் ஒரு நாள் மஞ்சள் நிறச் சிறு சிலிண்டர் ஒன்றைத் தம் கடை மேசையின் மீது வைத்தார். முதுகில் சுமக்கும் பெரிய சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனால் கைகொடுப்பதற்கான துணைச் சிலிண்டர் அது. மார்பின் இடப்பக்கம் இரண்டு கொக்கிகளில் தொங்கும். அதற்கெனத் தனிக் குழாய், தனி வாய்க்கவ்வி, காற்றின் அளவைக் காட்டும் தனி முள். வால்வின் வாயிலுள்ள ரப்பர் வளையத்தை அவர் விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பின்பு அதே அளவில் இன்னொரு வளையத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

அன்று முதல் எனக்கு நிம்மதி ஒழிந்தது. தேநீர்க் கடையில் நான் கோப்பையை வாயருகே கொண்டுபோகும் வேளையில், "காத்து தீந்துபோச்சு!" என்று என் காதருகே கத்துவார். உடனே நான் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சின் இடப்பக்கத்தில் இல்லாத சிலிண்டரைத் தேடவேண்டும். ஒருமுறை ரயிலில் இவ்வாறு தேடியபோது, எதிரில் அமர்ந்திருந்த சீனப் பெண்மணி எனக்கு மாரடைப்பு என்று எண்ணி அவசர அழைப்புப் பொத்தானை நோக்கி ஓடினார்.

ஒரு நாள் பாய் என்னை ஓர் உணவுக்கடையின் அடுக்களைக்குள்ளேயே அழைத்துச் சென்று, என் கையை எடுத்து எரிவாயுச் சிலிண்டரின் வால்வு மீது வைத்தார்.

"கண்ண மூடுங்க. தொறங்க பாப்போம்."

பதற்றத்தில் வலப்பக்கம் திருகினேன். பரோட்டாக் கல்லின் அடியில் தீ அணைந்தது.

"யோவ் பாய்! வெளிய பத்து பேரு உக்காந்திருக்கான், இங்க என்னய்யா வெளாட்டு?" என்று கடைக்காரர் கரண்டியோடு பாய்ந்தார்.

பாய் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மூடிட்டீங்க ஐயா. இடது பக்கம் திருகணும். கேளுங்க, காத்து வரலன்னா முதல்ல கைய வால்வுல வைங்க. சாமியக் கூப்பிடறதெல்லாம் அப்புறம். அவரு எங்கயும் போயிடமாட்டாரு."

கடலில் இறங்கவேண்டிய ஞாயிறும் வந்தது. படகு புலாவ் ஹந்துவை நெருங்கியது. மலாய் மொழியில் பேய்த்தீவு என்று பொருள்படும் அந்தப் பெயரே எனக்குப் போதுமானதாக இருந்தது. பாய் என் மார்பில் மஞ்சள் சிலிண்டரைக் கொக்கியில் மாட்டினார். வால்வைத் திறந்து, நான்கு முறை மூச்சிழுக்கச் சொன்னார். முள் முழு அளவிலேயே அசையாமல் நின்றது. "ஃபுல்லா இருக்கு, நல்லா வருது. இப்படியே தொறந்தே இருக்கட்டும்" என்று கூறிவிட்டுத் தம் உடைகளை அணியத் திரும்பினார்.

நாற்பது ஆண்டுகளாகப் பால் காய்ச்சியதும் எரிவாயுச் சிலிண்டரை மூடாமல் நான் அடுக்களையை விட்டு வெளியேறியதில்லை. என் கை தானாகச் சென்று வால்வை மூடிற்று. மூடியதை நான் உணரவே இல்லை.

உள்ளே இறங்கினோம். என் கட்டுரையில் இருந்த நீலம் எங்கும் இல்லை. பச்சையான கலங்கல், கையை நீட்டினால் விரல்கள் மங்கின. அச்சத்தில் நான் காற்றைக் குடம் குடமாகக் குடித்தேன். பாய் சைகையால் நலமா என்று வினவியபோதெல்லாம், முதுகுச் சிலிண்டரின் முள்ளைப் பார்க்காமலேயே விரலை வளையமாக்கி நலம் என்று பொய் சொன்னேன். முள்ளைப் பார்க்கவும் எனக்கு அச்சம்.

பதினான்கு மீட்டர் ஆழத்தில் என் துடுப்புக் காலணி பட்டு அடிச்சேறு கிளம்பியது. பாய் மறைந்தார். அதே கணத்தில் மூச்சு கனத்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

மஞ்சள் சிலிண்டரின் வாய்க்கவ்வியைப் பற்றிக் கடித்தேன். குழாயில் எஞ்சியிருந்த காற்றில் ஒரு மூச்சு வந்தது. இரண்டாவது, பாதியில் நின்றது.

வாசகர்களே, அவ்விடத்தில் மனைவி, மக்கள், பேரப்பிள்ளை எவரும் என் நினைவுக்கு வரவில்லை. கரண்டியோடு நின்ற உணவுக்கடைக்காரர்தாம் வந்தார். கண்ணை மூடினேன். கை வால்வைத் தேடிச் சென்றது. இடது பக்கம் திருகினேன். காற்று வந்தது. ரப்பர் வாடை வீசிய, வறண்ட, குளிர்ந்த காற்று. அதைக் காட்டிலும் சுவையான ஒன்றை என் வாழ்நாளில் நான் உட்கொண்டதில்லை. அதற்குப் பிறகுதான் முருகா என்றேன்.

சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் தோள்பட்டையை இறுகப் பற்றியது. பாய் என்னை விடாமல் பிடித்தபடி, மெல்ல மெல்ல மேலே அழைத்துச் சென்றார்.

படகில் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அடுப்பு மாதிரி மூடிட்டீங்களா?" என்றார். சிரிக்க முயன்றார்; சிரிப்பு வரவில்லை. வழக்கம்போல் கொண்டுவந்திருந்த இரண்டு துண்டுகளையும் எடுத்து என்மீதே போர்த்தினார். அவர் மேனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் படகின் தளத்தில் கிடந்த அவருடைய கருவிகளைக் கண்டேன். முதுகுச் சிலிண்டர் ஒன்று கிடந்தது. அதன் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

"பாய், உங்களுடைய மஞ்சள் சிலிண்டர் எங்கே?"

அவர் ஈரக் கையால் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஒன்றையும் எடுக்காமல் கடலைப் பார்த்தார்.

"எங்கிட்ட அது ஒண்ணுதான் ஐயா இருந்துச்சு."