காட்டு சாரும் தாம்பாளத்து மலையும்

விடையைத் தின்றுவிட்ட மாணவனுக்கு முழு மதிப்பெண் போட்ட ஆசிரியர், மலேசியா முழுக்கச் சலித்தாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருந்தார். பின்னக் கணக்குக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்து, நான்கில் மூன்று பங்கை வெட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். பையன் சரியாக வெட்டினான், காட்டினான், பசி தாங்காமல் அந்த முக்கால் பங்கையும் விழுங்கிவிட்டான்.

"விடைத்தாள் எங்கே சார்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அவன் வயித்துல இருக்கு மேடம். அவசரம்னா நாளைக்குக் காலை வரைக்கும் பொறுங்க."

அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கே மறந்துபோயிற்று. "எழுத வரலையா? பரவால்ல, சொல்லு. சொல்ல வரலையா? காட்டு!" என்பதுதான் அவருடைய வேதம். அதனால் காட்டு சார். விவரம் தெரியாத பெற்றோர் சிலர், காட்டிலிருந்து பிடித்து வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தோற்றமும் அதற்குத் துணை செய்தது. கடலோரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், மலைக்குளிர் ஆகாது. இரண்டு சுவெட்டர், காதை மூடும் குல்லா, காலுறைக்கு மேல் சிலிப்பர்.

ஆறாம் ஆண்டுப் பெரிய பரீட்சையை எடுத்துவிட்டு, வகுப்பிலேயே பிள்ளைகளை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது நாங்கள் எல்லாரும் திருதிருவென்று விழித்தோம். அவர் மட்டும் தீபாவளி வந்துவிட்டதுபோல் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார்.

நான் பக்கத்து வகுப்பு ஆசிரியை. என் பிள்ளைகள் இலக்கணம் படிக்கையில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஏழாம் வாய்பாட்டை உறுமி மேளம் அடித்து ஒப்பிப்பான். ஏழெட்டு ஐம்பத்தாறில் என் வகுப்பில் ஒருத்திக்குச் சாமியே வந்துவிட்டது. செரிமான மண்டலத்தைப் பிள்ளைகளை ஆளுக்கொரு உறுப்பாக நிற்கவைத்து நடத்திய மறுநாள், ஆலையில் வேலை செய்யும் ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"எம்மவன் பெருங்குடலா சார்? நீங்களே சொல்லுங்க. வேற உறுப்பே கெடைக்கலையா?"

"அண்ணே, வயிறா நின்னவன் பாதியில ஓடிட்டான். உங்க மவன் கடைசி வரைக்கும் நின்னான். பெருங்குடல் இல்லன்னா நம்ம கதி என்னான்னு யோசிச்சுப் பாருங்க லா."

தகப்பன் யோசித்துப் பார்த்தார். சமாதானமாகிப் போய்விட்டார்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். மழை விடவில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே இருந்த சரிவை யாரோ ஒருவர் காய்கறி பயிரிடுவதற்காக மழித்து, நெடுகப் பிளாஸ்டிக் கூரை போட்டிருந்தார். மழைநீர் கூரையில் வழிந்து ஒரே இடத்தில் கொட்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் பேசவில்லை. ஒரு பகல் நேரத்தில் அந்தச் சரிவு இறங்கி வந்தது. காய்ச்சல் என்று கொழுந்தெடுக்கப் போகாமல் லயத்தின் கடைசி வீட்டில் படுத்திருந்த பெண் வெளியே வரவில்லை. அவளுடைய ஒரே மகள் தர்ஷினி அந்த நேரம் காட்டு சார் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். கங்காணி வந்து, வாசலில் நின்று சாரை வெளியே கூப்பிட்டார். சார்தான் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனார்.

கருமாதி முடிந்து பள்ளிக்குத் திரும்பியவள் பேசவில்லை. எழுதவும் இல்லை. பென்சிலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அவளுடைய அப்பா சேகர், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். லயத்துக் குடும்பங்களெல்லாம் தோட்டத்து மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தன.

சார் எல்லாவற்றையும் முயன்றார். களிமண் கொடுத்தார், வண்ணம் கொடுத்தார், உறுமியையே மடியில் வைத்தார். கடைசியில் அவரே பெருங்குடலாக நெளிந்து காட்டினார். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. தர்ஷினி அவரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். சார் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை சேகரை அழைத்துப் பேசினார். "ஈப்போவுல ஒரு இல்லம் இருக்கு. தங்கிப் படிக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பும் இருக்கு. கல்வி இலாகாவுலேருந்து ஒருத்தங்க வந்து பார்ப்பாங்க. பிள்ளை எதையுமே செய்யலைன்னா நான் என்ன பண்றது சேகர்?"

சேகர் சாரின் பக்கம் திரும்பினார். "அவளும் போயிட்டா, நான் லோரிய விட்டு எறங்கி எந்த வீட்டுக்கு சார் போறது?"



அதிகாரி வருகிற நாளில், மண்ணும் வேரும் பற்றிய பாடம். யார் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டலாம் என்று சார் சொல்லியிருந்தார். வந்த அம்மையார் பின் வரிசையில் அமர்ந்தார். தலைமையாசிரியையோடு நானும் நின்றேன். ஒருவன் பாட்டுப் பாடினான். ஒருத்தி படம் வரைந்தாள்.

பிறகு தர்ஷினி எழுந்தாள். அன்று லோரிக்குப் போகாமல் வந்திருந்த அப்பாவோடு சேர்ந்து ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தாள். அதில் செம்மண்ணால் ஒரு மலை. ஒரு பக்கம் வேரோடு பிடுங்கி வந்து நட்ட சின்னச் சின்னத் தேயிலைக் கன்றுகள். அடிவாரத்தில் தீப்பெட்டி வீடுகள் வரிசையாக. குவளையிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். கன்று இருந்த பக்கம் மண் நின்றது. அடுத்து ஒரு கரண்டியால் மறுபக்கத்தை நிதானமாக மழித்தாள். மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை விரித்து, அதன்மேல் ஊற்றினாள். மண் வழுக்கிக்கொண்டு இறங்கி, கடைசித் தீப்பெட்டியை மூடியது.

 சேகர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நிறுத்தவில்லை. மண்ணை அள்ளி மறுபடி மலையாக்கினாள், தீப்பெட்டியைத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள், குவளையை எடுத்தாள். காட்டு சார் பாய்ந்து போய் மேசைமுன் மண்டியிட்டு, சரிவுக்கும் அந்தத் தீப்பெட்டிக்கும் நடுவில் இரண்டு கைகளையும் அணையாக வைத்தார். தண்ணீர் விழுந்தது. சேறு அவர் விரல்களில் தேங்கி, சுவெட்டர் கையெல்லாம் ஏறியது. தீப்பெட்டி அப்படியே இருந்தது.

தர்ஷினி அவர் கைகளையே பார்த்தாள்.

"கைய எடுங்க சார்," என்றாள். கம்மிப் போன குரல். "அன்னிக்கு இப்படி யாரும் புடிக்கல."

சார் என்னைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கைகளை எடுத்தார். மண் இறங்கியது. அவள் அதைப் பார்த்து முடித்துவிட்டு, குவளையைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அம்மாவை எடுத்த நாளில்கூட அழாதவள். சேகர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

அதிகாரி அம்மையார் எழுந்து மேசையருகே வந்தார். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "மதிப்பீட்டுல இவளுக்கு எந்த நிலை போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"இருக்கறதுலேயே மேல உள்ளது, மேடம். ஆனா இந்தப் பாடம் அவ படிச்சிருக்கவே கூடாது."

தர்ஷினியை ஈப்போவுக்கு அனுப்பவில்லை. யாரோ எடுத்த தாம்பாளத்தின் படம் கைப்பேசிகளில் சுற்றியது. அதைப் பார்த்த குடும்பங்கள் பழைய லயத்துக்குத் திரும்ப மாட்டோம் என்று மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டன. வேறு பக்கத்தில் வீடுகள் கிடைத்தன. மேலே பிளாஸ்டிக் கூரை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆசிரியர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தட்டும், வழக்கு நடத்த வேண்டாம் என்று யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் காட்டு சாருக்கு மாற்றல் வந்தது.

தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனோம். "கீழ சூடா இருக்கும் டீச்சர், நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு, பஸ் கிளம்பும்வரை குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். தர்ஷினி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசுவாள்.

பக்கத்து வகுப்புக்குப் புது ஆசிரியர் வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தமே இல்லை. நான் இலக்கணம் நடத்தும்போது சில நாள் நடுவில் நிறுத்தி, அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்க்கிறேன்.