காய்ச்சல் வராத கரடி

ஒரு காட்டில் மரமேற முடியாத கரடி ஒருத்தி இருந்தாள். பெயர் தேனம்மை. வயதும் அதிகமில்லை, உடம்பும் கனக்கவில்லை. மூட்டுகள்தான் வீங்கிக் கிடந்தன. காலையில் எழுந்து விரல்களை மடக்கி நீட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். உச்சிக்கிளையில் தொங்கும் தேன்கூட்டை அண்ணாந்து பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

வலி தாங்காமல் ஒருநாள் ஆற்றங்கரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நாரைதான் டாக்டர். அலகால் முழங்காலை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"அம்மா, உங்க உடம்புக்குள்ள எதிரி யாருமே இல்லை. ஆனா எதிரி வந்துட்டான்னு தகவல் மட்டும் ஓயாம போய்க்கிட்டிருக்கு."

"யாரு டாக்டர் அந்தத் தகவலைக் கொண்டு போறது?"

"இன்டர்லூகின்னு பேரு. அதுல பல நம்பர் உண்டு. உங்களைப் படுத்துறது ஆறாம் நம்பர். செல்லு மேல அது வந்து உட்கார ஒரு சீட் இருக்கு, அதுக்கு ஏற்பின்னு பேரு. அது உட்கார்ந்ததும் உள்ளே மணி அடிக்கும். அவ்வளவுதான். வீக்கம், வலி, காய்ச்சல், எல்லாம் கிளம்பிடும்."

"அந்த ஆறாம் நம்பரைப் பிடிச்சு வெளியே தள்ளிடுங்களேன்."

"தள்ளவே வேண்டாம். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிறாங்கல்ல? என் ஊசி அந்த சீட்டுல துண்டு போட்டுடும். ஆறாம் நம்பர் வரும், பார்க்கும், இடமில்லைன்னு போயிடும்."

தேனம்மைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. டாக்டர் ஊசியைப் போட்டபடியே சொன்னார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. நிஜமாவே எதிரி வந்தாலும் இனிமே அந்த மணி அடிக்காது. காய்ச்சலே வராம உள்ளுக்குள்ள கெட்டுப்போகலாம். சின்னக் காயம்னாலும் உடனே வந்துடணும்."

தேனம்மை தலையாட்டினாள். மனசு அதற்குள் தேன்கூட்டுக்குப் போய்விட்டது.

ஊசி பலித்தது. வீக்கம் வடிந்தது. தேனம்மை மரமேறினாள், தேன் குடித்தாள், கிளையிலிருந்து குதித்தாள். குதித்த இடத்தில் ஒரு முள் கிடந்தது. அது பக்கத்துப் புதரில் குடியிருக்கும் வேலாயுதம் என்ற முள்ளம்பன்றியுடையது. போகிற வழியெல்லாம் முள்ளை உதிர்த்துக்கொண்டு போவது அவன் பழக்கம். முள் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. சுருக்கென்றது, அப்புறம் பெரிதாக வலியில்லை. மூட்டுவலியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?

சில நாள் கழித்து வேலாயுதம் தேனடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தான். தேனம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேனைக் கண்டு முகம் திருப்பும் கரடியை அவன் பார்த்ததில்லை. அவளுக்கு மூச்சு வேகமாக வாங்கியது. நெற்றியைத் தொட்டான். சில்லென்று இருந்தது. பாதத்தைப் பார்த்தான். கறுத்துப்போய் நாற்றமெடுத்தது.

"அக்கா, இது என் முள்ளு," என்றான். அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தாங்கியதில் இன்னும் நாலு முள் குத்தியது. அது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரி வாசலில் இப்போது புதிதாக ஓர் ஓணான் நின்றிருந்தான், கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி. நெற்றிக்கு நேராகப் பிடித்தால் எண் காட்டும். காய்ச்சல் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அடுத்த வாரம்.

"நார்மல்," என்றான் ஓணான். "அடுத்த வாரம் வாங்க."

"சார், இவங்க போட்டிருக்கிற ஊசிக்குக் காய்ச்சல் வராது. டாக்டரைக் கேட்டுப் பாருங்க," என்றான் வேலாயுதம்.

"டாக்டரைக் கேக்கணும்னா உள்ள போகணும். உள்ள போகக் காய்ச்சல் வேணும்." ஓணானின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருந்தது. சரி என்கிறான்போல என்று தேனம்மை ஓரடி எடுத்து வைத்தாள். அவன் குறுக்கே நின்றான்.

பின்னால் வந்த முயலுக்கு விக்கல். துப்பாக்கி நூற்றிரண்டு காட்டியது. முயல் துள்ளிக்கொண்டு உள்ளே போகப் போனது. வேலாயுதம் மறித்தான்.

"விக்கலுக்கு எப்படிய்யா காய்ச்சல் வந்துச்சு?"

முயல் குரலைத் தாழ்த்தியது. "அதோ அந்தப் பாறையில நெத்தியை வச்சுட்டு வந்தேன். எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

வேலாயுதம் தேனம்மையைப் பாறைக்கு நடத்தினான். அவள் தயங்கினாள். "பொய் சொல்லியா உள்ள போறது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. நெத்தி சொல்லும்."

நடுப்பகல் வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கொதித்தது. தேனம்மை பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியை வைத்தாள். திரும்பி வந்தபோது துப்பாக்கி நூற்று நாலு காட்டியது. ஓணான் வழிவிட்டான். இரண்டு காட்டுப்பன்றிகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தன.

டாக்டர் காலைக் கீறி முள்ளை எடுத்தார். சீழை வடித்தார். மருந்தை நரம்பில் ஏற்றினார். மூட்டு ஊசியை நிறுத்திவைத்தார். மூன்றாம் நாள் தேனம்மை கண்ணைத் திறந்து பசிக்கிறது என்றாள். வாசலில் காத்துக் கிடந்த வேலாயுதம் அதைக் கேட்டு அழுதுவிட்டான்.

தேனம்மைக்கு மனசு உறுத்தியது. "டாக்டர், எனக்கு வந்தது பொய்க் காய்ச்சல். பாறையில நெத்தியை வச்சுட்டு வந்தேன்."

டாக்டர் கொஞ்ச நேரம் ஒற்றைக்காலில் நின்று யோசித்தார். "நிஜக் காய்ச்சலுக்குக் காத்திருந்தா நீங்க செத்திருப்பீங்க," என்றார். அன்றைக்கே நிர்வாகத்துக்குப் போய், இந்த முறையை உடனே மாற்ற வேண்டும் என்று சத்தம் போட்டார்.

நிர்வாகமும் மாற்றியது. பாறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள்: 'காய்ச்சல் இல்லாத நோயாளிகள் இங்கே படுத்துவிட்டு வரவும்.' பாறையில் படுக்க ஒரு டோக்கன், அந்த டோக்கனுக்கு ஒரு வரிசை.

பிறகு மழைக்காலம் வந்தது. பாறை குளிர்ந்துபோனது. நிஜமாகவே காய்ச்சல் வந்தவர்களின் நெற்றியும் மழையில் நனைந்ததால் துப்பாக்கி எல்லாருக்கும் நார்மல் என்றே காட்டியது. அந்தப் பருவம் முழுக்க ஆஸ்பத்திரிக்குள் ஒரு நோயாளியும் நுழையவில்லை. காட்டில் நோயே ஒழிந்தது என்று சிங்கராஜா நேரில் வந்து கேடயம் கொடுத்தார். எல்லாரும் நனைந்துகொண்டே கைதட்டினார்கள். தேனம்மையும் கூட்டத்தில் இருந்தாள். விரல்கள் மறுபடி வீங்கியிருந்ததால் அவளால் மட்டும் தட்ட முடியவில்லை.

நீதி: நோய் வருவதானால் வெயில் காலத்தில் வரட்டும்.