பால்மாப் பையில் பாகற்காய்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கிணற்றுத் தண்ணீரையும் இந்த இரண்டு கைகளையும் நம்பி, களுதாவளை மணலில் கல்வீடு கட்டியவன். பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று மருமக்களிடம் சொல்வதுண்டு. (மனைவி பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.)

சண்டைக் காலம் அது. அந்த வருடம் மழை காலம் தப்பிப் பெய்து, பாகற்கொடியில் ஈ விழுந்துவிட்டது. இந்த ஈ பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்ன, காய் மஞ்சளாகி அழுகிவிடும். ஊரில் எல்லோரும் பிஞ்சைப் பழைய பேப்பரால் சுற்றி வாழைநாரால் கட்டினார்கள். நான் விடுவேனா? பால்தூள் அடைத்து வரும், மழைக்குக் கரையாத பளபளப்பான பால்மாப் பைகளைக் கடைகடையாகச் சேர்த்தேன். செத்துப்போன ரேடியோவிலிருந்து செம்புக் கம்பியை உருவி, காய் காயாக இறுக்கிக் கட்டினேன்.

"ஈ என்ன, எமன் வந்தாலும் என்ட பாவக்காய்க்குள்ள போக ஏலா!" என்று சந்தையில் முழங்கினேன்.

எமன் பச்சைச் சீருடையில் வந்தான்.

ஒரு காலை ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் தெருவோர மணலில் குந்தவைத்தார்கள். காய் வாங்க வந்த ஏறாவூர் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் பெரியவரும் அகப்பட்டு என் பக்கத்தில் குந்தியிருந்தார். சோதனைக்குப் போன சிப்பாய் ஒருவன் என் பந்தலுக்குள் தலையை நீட்டினான். நீட்டியவன் கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தான். மற்றவர்கள் கத்தரிப் பாத்திக்குள் குப்புற விழுந்தார்கள். வரிசை வரிசையாக வெள்ளிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் கம்பி. பார்ப்பவனுக்குக் குண்டு மாதிரித்தான் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

யார் தோட்டம் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. (நன்றி கெட்ட ஊர்!) சிங்களம் தெரிந்த காக்காதான் எனக்காகப் பேசினார்.

"காக்கா, பாவக்காய் எண்டு சொல்லுங்க!"

"சொன்னனே. பாவக்காய்க்கு என்னத்துக்கு வயர் எண்டு கேக்கிறார்."

"ஈ வராமக் கட்டின எண்டு சொல்லுங்க!"

"அதை எனக்கே நம்ப ஏலாமக் கிடக்கு தம்பி. உங்களையே போய் அவுக்கட்டாம். பொய்யெண்டா ட்ரக்கில ஏத்துவாராம்."

ட்ரக்கில் ஏறிப் போனவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வேலிக்கப்பால் நின்ற என் மனைவி பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பந்தலை நோக்கி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிகள். பந்தலடிக்கு வந்ததும் புதுப் பயம் ஒன்று பிடித்தது. நான் கட்டியது பாகற்காய்தான். ஆனால் அந்தக் காலத்தில் எவர் தோட்டத்தில் எவர் வந்து எதை வைத்துவிட்டுப் போவார் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பை மட்டும் கொஞ்சம் கனமாகத் தொங்கியது. பார்க்கப் பார்க்க எல்லாப் பையுமே கனமாகத் தொங்கின. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். நானே இறுக்கிய கம்பி அவிழவில்லை. தேங்காயை மூட்டையாக்கினேன்.

அவிழ்ந்தது. பொலபொலவென்று கொட்டியது புழு!

அடுத்த பையிலும் புழு. அதற்கடுத்ததிலும் புழு. நான் கட்டுவதற்கு முன்பே ஈ குத்திவிட்டிருக்கிறது. (புழுவை உள்ளே வைத்து, மழை படாமல் நானே வளர்த்திருக்கிறேன்.) நாற்றம் தெருவரை போனது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். ஒரு புழு வளைந்து துள்ளி அவர் காலின் சப்பாத்தில் விழுந்தது. அவர் சிரித்தார். பிறகு சிப்பாய்கள். பிறகு, கைகளைத் தலையில் வைத்துக் குந்தியிருந்த ஊர் முழுவதும்.

"ஈ எண்டது மெய்தானாம். போகட்டாம்," என்றார் காக்கா. பிறகு மெல்லக் குனிந்து, "கோவிக்காதீங்க தம்பி, இந்தக் காய் எனக்கு வேணாம்."

இன்றைக்கும் பாகற்காய் அரியும்போது புழு தலைகாட்டினால், யார் இருந்தாலும் பாக்கியம் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள்: "இஞ்ச வாங்க, உங்களப் பிணையெடுத்தவர் வந்திருக்கார்!"

நானும் மரியாதையாக எழுந்து போய், அவரை வேலிக்கப்பால், அடுத்தவன் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவேன்.