சென்சாருக்குச் சந்தனப் பொட்டு

செம்பாக்கத்தில் கழட்டு சார் கழற்றிப் பார்க்காத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது எங்கள் தெருமுனைப் பிள்ளையார் மட்டும்தான். அதற்குக் காரணம் பக்தி அல்ல. பிள்ளையார் ஒரே கல்லில் செய்யப்பட்டிருந்தார், திருகாணி எதுவும் தென்படவில்லை.

சாருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது தபால்காரருக்குத் தெரியும். தெருவைப் பொறுத்தவரை அவர் கழட்டு சார். ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை தவளைகளையும் கரப்பான்பூச்சிகளையும் அறுத்து மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் தவளைகள் தப்பித்தன, தெருவிலிருந்த மிக்ஸிகளும் மின்விசிறிகளும் மாட்டிக்கொண்டன.

இதில் ஒரு சிக்கல். அறுத்த தவளையை யாரும் திரும்பத் தைத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. அதனால் சாருக்குத் திறக்க வந்த அளவுக்கு மூட வரவில்லை. எதைத் திறந்து மூடினாலும் நாலைந்து திருகாணி மிஞ்சும். "இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போடறதுப்பா" என்று அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் நடந்து வந்தால் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் கேட்கும்.

எங்கள் மிக்ஸியை அவர் சரிசெய்து கொடுத்த பிறகு சுவிட்சைப் போட்டால் நின்றது, அணைத்தால் ஓடியது. என் மனைவி சுமதி புகார் கொண்டு போனாள்.

"சார், போட்டா நிக்குது, நிறுத்தினா ஓடுது."

"ஓடுதா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா."

"ஓடுது சார்..."

"அப்புறம் என்ன?"

சார் பயந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரே டீச்சர் என்றதால் சாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வருஷம் முழுக்க சார் வீடெல்லாம் கடை பரப்பி வைத்தாலும் டீச்சர் பொறுத்துக்கொள்வார். ஆனால் ஆயுத பூஜை அவருடைய நாள். ஸ்பேனர், சுத்தியல், குறடு எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் போய்விடும். மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. ஒரு வருஷம் சார் கை அரிப்பு தாங்காமல் பூஜையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை நைசாக உருவிக்கொண்டு போய் வாசல் காலிங்பெல்லைத் திறந்துவிட்டார். அது மறுநாள்வரை நிற்காமல் அடித்தது. சரஸ்வதி தண்டித்துவிட்டாள் என்பது டீச்சர் கட்சி. ஒயர் மாறிவிட்டது என்பது சார் கட்சி.

இந்தத் தம்பதியின் கையில்தான் என் குடும்பத்தின் கதி ஒருநாள் வந்து விழுந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்த கதை. நான் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். வேலைக்குப் போக கம்பெனி பஸ் உண்டு. ஆனாலும் ஒரு கார் வாங்கினேன், பல கை மாறிய சின்னக் கார். சுமதி அப்போது தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். வேளச்சேரி சாலை அப்போதிருந்த அழகில், ஆட்டோவில் போனால் கிழக்குத் தாம்பரம் ஆஸ்பத்திரி வருவதற்குள் குழந்தை வந்துவிடும் என்று என் மாமியார் பயமுறுத்தியிருந்தார். சுமதியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அந்தக் காருக்கு நான் கொடுத்த ஒரே வேலை அதுதான்.

வாங்கி வந்த மாதமே டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை. வண்டி குடி குடியென்று பெட்ரோல் குடித்தது, கரும்புகை கக்கியது. உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோல் பங்க்கில் படுத்திருப்பது போல் இருக்கும். மசக்கை விட்டுப் பல மாதமான சுமதி, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி வாந்தியெடுத்துவிட்டு அங்கேயே ஒரு சபதமும் செய்தாள்.

"இந்த வண்டில ஏறிப் போறதுக்கு நான் நடந்தே போய்ப் பெத்துக்கறேன்."

சர்வீஸ் சென்டரில் ஏதோ ஒரு கருவியை மாட்டிப் பார்த்து, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். புதிது போட அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே மூச்சு நின்றது. வீட்டுக்கு வந்து வாசலில் காரை முறைத்துக்கொண்டு நின்றேன். காம்பவுண்டு சுவருக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை எழும்பியது.

"கழட்டிடலாம்பா!"

தெருவில் இந்த ஒரு சொல்லைக் கேட்டு நடுங்காத குடும்பஸ்தன் இல்லை. நானும் நடுங்கினேன். ஆனால் கையில் காசு இல்லாதவனுக்கு நடுங்க மட்டும்தான் முடியும், மறுக்க முடியாது.

சார் உடனே பாடம் எடுத்தார். "சென்சார்னா வண்டிக்கு மூக்குப்பா. வெளிய போற புகையை மோந்து பாத்து, பெட்ரோல் கூடவா கொறைச்சலான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உன் வண்டிக்கு மூக்கடைப்பு. ஜலதோஷம் புடிச்சவன் சமையல் பண்ணா உப்பு தெரியாம அள்ளிக் கொட்டுவான்ல? அதான் இது."

மறுநாளே என்னைப் புதுப்பேட்டைக்கு இழுத்துப் போனார். பழைய பாகங்கள் மலை மலையாகக் குவிந்த ஒரு கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சென்சாராக எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், மல்லிப்பூவா வாங்க வந்துகீற? நீ மோந்தா அது வேல செய்யுமா?"

"பெட்ரோல் வாசன அடிச்சா செத்தது. அடிக்கலைன்னா உசுரோட இருக்கு."

"சார், இந்தாண்ட பாரு. டப்பா கூடப் பிரிக்காத புது பீஸ் ஒண்ணு கீது. பிளக்கு மட்டும் வேற, ஒயர ஒட்டிக்கணும். துட்டு கம்மி பண்ணிக்கறேன், எட்த்துகினு கெளம்பு. பேஜார் பண்ணாத."

அப்படித்தான் எங்களுக்குப் புது சென்சார் கிடைத்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை ஆபரேஷன். பழைய சென்சார் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. இன்ஜினைச் சூடாக்கினார், மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார், ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி இருவருமாகத் தொங்கினோம். கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு அது வெளியே வந்தபோது மொட்டைமாடிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. புதியதன் ஒயர்களைக் காலையில் ஒட்டி மாட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

சார் பழைய சென்சாரோடு வீட்டுக்குள் போனார். கல்லூரிக் காலத்தில் தவளை அறுத்த மெழுகுத் தட்டில் அதைக் கிடத்தி, ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, குண்டூசி குத்தி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருப்பா, உள்ள வெள்ளையா இருக்கே, அதான் உசுரு." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை ஒயர்களை ஒட்டி முடித்து, சென்சாரை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தால் மேஜை காலி. பூஜையறையில் ஸ்பேனர்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் நடுவே எங்கள் சென்சார் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் சந்தனப் பூச்சு. நுனியில், சரியாக அந்தச் சின்னத் துளைகள்மேல், வட்டமாகக் குங்குமம்.

சார் போட்ட அலறல் எங்கள் வீடுவரை கேட்டது.

"டீச்சர்! அது மூச்சு விடற எடம்! அதை அடைச்சிட்டியே!"

"சாமிக்கு வெச்சா மூச்சு நிக்குமா? நல்லா விடும்."

"ஒரு கிரீஸ் படக்கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன்!"

"கத்தாதீங்க. நாளைக்குக் காலைல மறுபூஜை முடிஞ்சதும் எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒருநாள்தானே என்று நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

சுமதிக்கு அன்று மதியமே வலி எடுத்துவிட்டது.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஆட்டோக்கள் எல்லாம் குளித்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. ஓட்டத்தான் ஆளில்லை. பொரி தின்றுகொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார்.

"சாவியெல்லாம் சாமியாண்ட கீது சார். ஓட்றவனுங்க வூட்டுக்குப் போய்க்கினானுங்க. எனக்கு ஓட்ட வராது, நான் மைக் செட்டு."

கால் டாக்ஸிக்குப் போன் செய்தால் அங்கேயும் பூஜை. வேறு வழியில்லாமல் சுமதியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் காரிலேயே உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தேன். சென்சார் இருந்த ஓட்டை வழியாக இன்ஜின் போட்ட உறுமலில் தெரு நாய்கள் சிதறி ஓடின. புகை உள்ளே குபுகுபுவென்று புகுந்தது. சுமதி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கி, சுவரைப் பிடித்து நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"என்னால முடியலைங்க. இதுல என்னால முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. "பழசையாவது மாட்டியிருக்கலாம். நான் போய் அறுத்துத் தொலைச்சேனேப்பா" என்றார். பூஜையறைப் பக்கம் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு கையில் குங்குமம் வைத்த ஸ்பேனரும் மறு கையில் சந்தனம் காயாத சென்சாருமாக வெளியே வந்தார்.

"ம், மாட்டுங்க."

"டீச்சர், பூஜை..."

"சரஸ்வதி பொம்பளைதானே, அவளுக்குத் தெரியும். நீங்க மாட்டுங்க."

கழுவவோ துடைக்கவோ நேரமில்லை. சார் சந்தனத்தோடு அப்படியே சென்சாரைச் செருகித் திருகினார். ஒயரைச் சொருகினார், போனட்டைச் சாத்தினார். அவர் வாழ்க்கையிலேயே ஒரு திருகாணிகூட மிஞ்சாமல் மூடிய முதல் வேலை அதுதான்.

டீச்சர் பின்னால் சுமதியைத் தாங்கிக்கொண்டார். சார் முன்னால் உட்கார்ந்தார். உறுமல் நின்றிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறிய சுமதி, கேம்ப் ரோடு நெருங்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன இது, கோயில் வாசனை வருது?"

இன்ஜின் சூட்டில் சந்தனம் காய்ந்து மணக்க ஆரம்பித்திருந்தது. மாதக்கணக்கில் பெட்ரோல் நாறிய கார், சாலையெல்லாம் உடைந்து கிடந்த பூசணிக்காய்களை விலக்கிக்கொண்டு, ஊதுவத்தி கொளுத்தியதுபோல் கமகமவென்று தாம்பரம் நோக்கிப் போயிற்று. சுமதி டீச்சர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வழியில் ஒருமுறைகூட வாந்தியில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த நர்ஸ், "நேரா கோயில்லேர்ந்தா கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

இருட்டுவதற்குள் மகள் பிறந்தாள். சார் குழந்தையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்த்தார். "நல்லா மூடி அனுப்பியிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மஞ்சள் விளக்கு இரண்டொரு நாளில் அணைந்துவிட்டது. வண்டியும் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தது. இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் சார்தான்.

"அந்தச் சூட்டுல சந்தனம் எரிஞ்சு சாம்பலாயி வெளிய போயிடுச்சு. அதான் சயின்ஸ்" என்பார்.

"சூட்டைக் குடுத்தது யாராம்?" என்பார் டீச்சர்.

"இன்ஜின், டீச்சர்! இன்ஜின்!"

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போன பிறகும் இந்த வழக்கு முடியவில்லை. அவள் பிறந்தநாளுக்கு வரும்போதெல்லாம் இருவரும் கேக் வெட்டும்வரை வாதாடுவார்கள். கிளம்பும்போது, விஞ்ஞானப்படி சென்சார் மேல் எதுவும் படவே கூடாது என்று சார் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

சார் போய்ச் சில வருஷமாகிறது. டீச்சர் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். எங்களிடம் இப்போது வேறு கார். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போனட்டைத் திறந்து, சென்சார் எங்கே இருக்கிறதென்று தேடிப் பிடித்து, ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன், சுவருக்கு மேலிருந்து யாராவது என்னைத் திட்ட மாட்டார்களா என்று.