மாமியின் கம்பளிக் கோட்டும் பருத்திச் சாயமும்

உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு வெறும் சாதாரண சித்தி எடுத்துத் தேறிய ஒருவனை, கொதிக்கும் எந்தப் பானைக்கும் பக்கத்தில் விடக்கூடாது. நான் அப்படி ஒருவன். (அந்தச் சித்தியும் மூன்றாம் தடவையில்தான்.)

கலியாணம் முடித்த புதிது. லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்க, மனைவியின் தாயான மாமி புறப்பட இருந்தார். அங்கே குளிரென்று மச்சான் அனுப்பியிருந்த பின்னல் கம்பளிக் கோட்டு பால் வெள்ளை.

"வெள்ளை ஊத்தை பிடிக்கும். கறுப்பெண்டா அபாயாவோட சேரும்" என்றார் மாமி.

"நான் சாயம் போட்டுத் தாறன் மாமி, இதெல்லாம் ஒரு வேலையா?" என்றது, கல்முனையின் புது விஞ்ஞானியாகிய நான்.

மருதமுனையில் நெசவுச் சாயம் விற்கும் ராத்தா (அக்கா) ஒருவரிடம் போனேன்.

"என்ன நூல் தம்பி?"

"கம்பளி."

"அப்ப இது சரிவராது. இது பருத்திக்கு, சோடாத் தூளோட போடுற. கம்பளி ஆட்டு மயிர்தானே? அதுக்குப் புளிப்பு வினாகிரி ஊத்திப் போடுற சாயம் வேற இருக்கு. ரெண்டு நாள் பொறுங்க, எடுத்துத் தாறன்."

ஆயுள் முழுக்கச் சாயத்தில் கைவைத்த பெண்ணுக்கு நான் சிரித்துக்கொண்டே பாடம் எடுத்தேன்: "ராத்தா, மூலக்கூறுக்கு ஆடும் பருத்தியும் ஒண்டுதான்." (இந்த வசனத்தின் பொருள் எனக்கு இன்றுவரை தெரியாது.)

அவர் பருத்திச் சாயப் பெட்டியையே எடுத்துத் தந்தார்.

விருந்துச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சாயத்தைக் கரைத்து, சோடாவை இரட்டிப்பாகக் கொட்டி, கோட்டை அமுக்கி, ஒரு மணித்தியாலம் களி கிண்டுவதுபோல் கிண்டினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இது சின்னனாகிற மாதிரி இருக்கு?"

"அது ஒளிமுறிவு. தண்ணிக்குள்ள அப்பிடித்தான் தெரியும்."

வெளியே எடுத்தபோதும் ஒளி முறிந்தேதான் இருந்தது. உழுத வயல் சேற்றின் நிறத்தில், திட்டுத் திட்டாக, கால் துடைக்கும் விரிப்பின் தடிப்பில், மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவாக ஒரு பொருள். கோட்டுப் பையைத் தைத்திருந்த பருத்தி நூல் மட்டும் கன்னங்கரேலென்று மின்னியது.

மாமி அதைத் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். கோபமேயில்லாமல் என்னைக் கேட்டார்:

"இதுக்குள்ள நான் எப்பிடிப் போற, மகன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் மாமி, அபாயாவுக்கு மேலே எனது கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு லண்டனில் இறங்கினார். அந்தக் கோலத்தில் எடுத்த படம் குடும்பத்தின் எல்லாத் தொலைபேசிகளிலும் இருக்கிறது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாமி வீட்டில் எது சுருங்கினாலும் என் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். அது எவ்வளவு தூரம் பரவியது என்பது போன மாதம்தான் தெரிந்தது. நிந்தவூரில் முன்பின் தெரியாத தையற்காரர் ஒருவர் என் காற்சட்டைத் துணியைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:

"நனைச்சிட்டுத்தான் வெட்டணும் சேர். இல்லாட்டி றமீஸாகிரும்."

"அது யாரு றமீஸ்?"

"தெரியா சேர். சுருங்கிற சாமானுக்கு இஞ்ச அப்பிடித்தான் சொல்ற" என்றவர், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்தார். "உங்கட பேர்?"

வாப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.