அஞ்சலை போட்ட அப்பா வேஷம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு நாடகம்தான் எழுதியிருக்கிறேன். அமோகமான வெற்றி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் இன்னொன்று எழுதாததற்குக் காரணம் அந்த வெற்றிதான்.

அப்போது எனக்கு இருபது வயது. டிரெயினிங் முடித்த கையோடு உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அங்கிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜெபமாலை, உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை, இந்த மூன்றோடும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன். (பெட்டியும் ஜெபமாலையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.)

பள்ளிக்கூடம் என்றால் ஒரு கூரைக் கொட்டகை, இரண்டு டீச்சர்கள். தலைமை ஆசிரியையை எல்லோரும் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள். பேச்சு குறைவு, வேலை அதிகம். நான் ‘சின்ன டீச்சர்’. என்னிடம் அது தலைகீழ்.

நான் சேர்ந்த வருஷமே ஒரு அதிசயம் நடந்தது. தாலுகாவில் இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் லீவு போடாமல் வருவதில் எங்கள் பள்ளிக்கூடம் முதலாவதாக வந்துவிட்டது. கேடயம் கொடுக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே வருவதாகக் கடிதம் வந்தது. பெற்றோர்களை அழைத்து விழா நடத்த வேண்டும், கல்வியின் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அக்கறையுள்ள பெற்றோர் ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

மரியாதைக்கு உரியவரைப் பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். நாலாம் வகுப்பு அஞ்சலை ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. அவள் அப்பா மருதமுத்துவுக்கு ஒரு புதுத் துண்டு. யுத்த காலம், துணி கிடைப்பதே பெரும்பாடு. அந்தத் துண்டுக்காகப் பெரிய டீச்சர் அரியலூர் வரைக்கும் போய் வந்தார்.

கல்வியின் அருமையை எடுத்துச் சொல்லும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து நாடகம் எழுதினேன். பெயர் ‘அறியாமை அகன்றது’. கதை இதுதான்: ஒரு முரட்டு அப்பன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மறுக்கிறான். கடைசியில் அழகும் அறிவும் பொருந்திய இளம் டீச்சர் ஒருத்தி வந்து மூன்று பக்கம் பேசுகிறாள். அப்பன் அழுது திருந்துகிறான். (இளம் டீச்சர் யார் என்று கேட்காதீர்கள்.)

இத்தனைக்கும் அந்த ஊரில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கும் நான் போனதில்லை. ஒரு அப்பாவிடமும் பேசியதில்லை. அப்பன்மார்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பன் வேஷத்தை அஞ்சலைக்குக் கொடுத்தேன். குரல் கணீரென்று இருக்கும்.

“அப்பா மாதிரி எப்படி நடக்கணும் டீச்சர்?”

“ஒனக்குத் தெரிஞ்ச யாரையாச்சும் நெனச்சுக்கோடி. அதே மாதிரி செய்யி.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். இடுப்பில் இல்லாத வேட்டியை ஏற்றிக் கட்டினாள். “க்கும்” என்று தொண்டையைச் செருமி, “அது கெடக்கட்டும்ங்க” என்றாள். பத்து வயதுப் பெண் போய் ஒரு ஆம்பிளை நின்றான். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரிய டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “இவ யாரைப் பாத்துச் செய்யறா, கேட்டீங்களா?”

“யாரா இருந்தா என்ன டீச்சர், தத்ரூபமா இருக்கு!”

விழா நாள் வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் பகல் மூன்று மணிக்கே வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டோம். கடலை பறிப்பு முடிந்திருந்த நேரம். ஊரே திரண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசைப் பாயில் ஒரு ஆள் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சல். அம்மாக்காரி எங்கே போய்த் தொலைந்தாள்?

“ஏங்க, புள்ள அழுதா நாடகம் கெட்டுப்போயிடும். கொஞ்சம் பின்னாடி போயி ஒக்காருங்க.”

அவர் “க்கும்” என்று செருமினார். “ஆகட்டும்ங்க டீச்சர்” என்று எழுந்தார். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனார்.

ஒத்திகையில் அஞ்சலை செய்த அதே செருமல், அதே நடை.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். கொட்டகைக்குள் ஓடி, “அஞ்சலை, அந்த நடை வேண்டாம், அந்தச் செருமல் வேண்டாம்” என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கோ அந்த மூன்று பக்க வசனம் கண்முன்னால் வந்து நின்றது. யாருக்கும் தெரியாது, சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு மணியை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

அஞ்சலை கரி மீசையோடு வெளியே வந்து நாலு எட்டுதான் வைத்திருப்பாள்.

“டேய், நம்ம மருதமுத்துடா!”

மரத்தடி அதிர்ந்தது. அவள் “பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குங்கறேன்?” என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்பாவின் குரலிலேயே கேட்டாள். விசில் பறந்தது. கைதட்டலில் பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் எழுதாததை எல்லாம் செய்ய ஆரம்பித்தாள். வேஷத்துக்குப் போட்டிருந்த துண்டைச் சுருட்டிக் குழந்தைபோல் தோளில் போட்டுக்கொண்டு, கரகரத்த குரலில் ராகம் தப்பித் தாலாட்டினாள். சிரிப்பு இன்னும் ஏறியது. பெண்கள் பக்கத்தில் மட்டும் இரண்டு மூன்று பேர் சட்டென்று சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

என் மூன்று பக்க வசனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது மரியாதை. “ஒரு நாள்கூடத் தவறாமல் மகளை அனுப்பிய மருதமுத்து” என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். அவர் குழந்தையோடு பின்னாலிருந்து நடந்து வந்தார். வழிநெடுக ஆளாளுக்கு “க்கும்”, “க்கும்” என்றார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம்.

“அட! அப்படியே உங்களை மாதிரியே செஞ்சு காட்டிட்டாளே! நீங்களே சொல்லிக் குடுத்தீங்களா?”

மருதமுத்து பதில் சொல்ல வாயெடுத்தார். பழக்கதோஷம், முதலில் தொண்டையைச் செருமினார். கூட்டம் வெடித்தது. ஒற்றைக் கையால் துண்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி திரும்பிப் போனார். கரி மீசையோடு பக்கத்தில் நின்ற அஞ்சலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அந்தப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே முதல் ‘வரவில்லை’யை நான்தான் போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். (ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை.)

முந்திரிக் கொல்லை ஓரத்தில் ஒற்றை அறைக் குடிசை. மருதமுத்து கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். அவசரமாக எழுந்து, “வாங்க டீச்சர்” என்று பாயை உதறிப் போட்டார்.

“அஞ்சலையோட அம்மா...?”

“இவ பொறந்தப்பவே போயிட்டாங்க” என்று தூளியைக் காட்டினார்.

“அப்ப இந்தப் புள்ளைய யாரு பாத்துக்கறது?”

“நாந்தாங்க. கொல்லைக்குத் தூக்கிட்டுப் போயி மரத்துல தூளி கட்டிருவேன். பெரியவள வூட்டுல நிறுத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. அவ படிக்கட்டும்னுட்டு...” என்று நிறுத்திக்கொண்டார். செருமல் வந்துவிடுமோ என்று பயந்ததுபோல் இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். “அவள அனுப்பிடுங்க” என்றேன்.

“நான் எங்கங்க தடுத்தேன்? மூணு நாளா கெஞ்சுறேன். மாட்டேங்குறா.”

அஞ்சலை உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “தப்பு என்னோடதும்மா, ஒன்னோடது இல்ல” என்று நான் சொன்னபோதும் திரும்பவில்லை.

“பாப்பாவ நான் பாத்துக்கறேன் டீச்சர். அப்பா வேலைக்குப் போகட்டும்.”

வாசல்வரை வந்த மருதமுத்து, “ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. அது கெடக்கட்டும்ங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா புள்ள நல்லாத்தானே செஞ்சா, இல்லீங்களா?” என்று கேட்டார்.

“ரொம்ப நல்லா செஞ்சா” என்றேன்.

ஆறு மாதம் வாரம் தவறாமல் போய்க் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. கேடயமும் மறுவருஷம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

சுதந்திரம் வந்த மறுவருஷம், பள்ளிக்கூடம் திறந்த அன்று மருதமுத்து வந்தார். அந்தக் கைக்குழந்தை இப்போது பாவாடை கட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெயர் செல்லம்.

“அஞ்சலை எப்படி இருக்கா?”

“போன தையில கட்டிக் குடுத்துட்டேங்க, குரும்பலூருப் பக்கம்.”

பதினைந்து வயது. நான் தலையைக் குனிந்து பெயர் எழுதினேன். ‘செல்லம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அஞ்சலை’ என்று எழுதிவிட்டு, அடித்துத் திருத்தினேன்.

அவர் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். தொண்டையைச் செருமினார்.

“டிராமாவுல மட்டும் சேத்துடாதீங்க டீச்சர்.”

முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் சிரித்தேன்.

கல்யாணமான புதிதில் இந்தக் கடைசி வரியை மட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அது எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. என் மகளைக் காலேஜில் சேர்த்தபோது அவர் அங்கே பெயர் எழுதிக்கொண்ட அம்மாவிடம் அதையே சொல்லி முழிக்க வைத்தார். இப்போதும் எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், ஆஸ்பத்திரிக்கே ஆனாலும், “டிராமாவுல மட்டும் சேந்துடாதே” என்று யாராவது சொல்லாமல் அனுப்புவதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரிக்கிறவள் நான்தான்.

அதை முதலில் சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அஞ்சலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். கேட்கிற வழியாகத் தெரியவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.