கமுக்கரின் விதைநெல் நிலையம்

வன்னியில் ஒரு விடயத்தை மறைப்பதற்குக் கமுக்கரைப் போலப் பாடுபட்டவர் எவருமில்லை. அவர் பாடுபட்டு மறைத்த விடயங்களை அறியாதவரும் எவருமில்லை. அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் முரசுமோட்டைப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கொண்டு அவரை அடையாளம் காண ஆள் கிடையாது.

ஒருகாலத்தில் வைத்தியசாலை மருந்தாளராக இருந்தவர்; பென்சன் எடுத்து வந்ததாக ஊருக்குச் சொல்லியிருந்தார். நான் அறிந்தபோது, மருந்துக்கு அடிமையாகிப்போன வைத்தியர்களையும் தாதியர்களையும் மருந்தாளர்களையும் ஓசைப்படாமல் மீட்டெடுக்கும் திட்டமொன்றின் பொறுப்பாளராக இருந்தார். தாமாக முன்வந்து சேர்பவர் ஓராண்டு வாரந்தோறும் வரவேண்டும். கேட்ட நேரத்தில் சிறுநீர் கொடுக்கவேண்டும். மருந்து அலுமாரியின் பூட்டும் திறப்பும் அவர் கையில் இரா. ஒரு வாரம் தவறினால் ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒழுங்காக முடித்தால் தொழிற்பதிவு பறிபோகாது, பெயரும் வெளியே வராது.

பல்கலைக்கழகம் வேலைநிறுத்தத்தால் மூடிக் கிடந்த மாதங்களில் அங்கே தட்டெழுத்து வேலைக்குப் போனேன். நேர்முகத் தேர்வு நீளமானதல்ல.

“பிள்ளை என்ன படிக்கிறீங்கள்?”

“தமிழ் இலக்கியம்.”

“மருந்துப் பேர் ஏதாவது தெரியுமோ?”

“பனடோல்.”

“உது காணும். இனிக் கூடப் படிக்க வேண்டாம்.”

இரகசியம் காப்பதற்கென்று கமுக்கர் வாசலில் ஒரு பலகை மாட்டினார்: ‘விதைநெல் நோய் ஆலோசனை நிலையம்’. வன்னியில் இதைவிடப் பெரிய தவறை ஒருவர் செய்ய முடியாது. திட்டங்களும் பயிற்சிப் பட்டறைகளும் வளர்த்தெடுத்த மண் இது. பலகை ஒன்று தொங்கினால் அதன் கீழ் வரிசை ஒன்று தானாக முளைக்கும். மறுநாட் காலை அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டைப் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம் சகிதம் பாதி ஊர் வாசலில் நின்றது.

“ஐயா, பதியிறது எங்கை?” என்றார் முன்னால் நின்ற அம்மா.

“இஞ்ச ஒண்டும் பதியிறேல்லை.”

“அப்ப பதிஞ்சு முடிஞ்சுதோ?”

“இஞ்ச ஒண்டும் குடுக்கிறதும் இல்லை, அம்மா.”

“துவக்கத்திலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை,” என்று கூறிவிட்டு, அந்த அம்மா நிழல் பார்த்து அமர்ந்தார்.

பலகையைக் கழற்றினால் சந்தேகம் வரும் என்பது கமுக்கரின் வாதம். ஆகவே ஆலோசனை வழங்குவதைத் தவிர வழியில்லாது போயிற்று. திட்டத்தில் சேர்ந்திருந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை முன்னறைக்கு அனுப்பினார். நிபுணர் வாடிய நெற்பயிரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் ஆராய்ந்தார்.

“எத்தினை நாளா இப்பிடி?”

“ஒரு கிழமையா, ஐயா.”

“சாப்பாடு ஒழுங்கா எடுக்குதோ?”

விவசாயி சற்று யோசித்து, யூரியா போட்டதாகச் சொன்னார். “அதை நிப்பாட்டிப்போட்டு தண்ணி மட்டும் குடுங்கோ. மூண்டு நாளாலை திருப்பிக் கொண்டுவாங்கோ,” என்றார் நிபுணர். என்ன காரணத்தாலோ அந்த வயல் தேறிவிட்டது. அடுத்த வாரம் வரிசை ஒழுங்கை முனைவரை நீண்டது.

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கமுக்கர் நெல்லினங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார். தலைமுடியைப் பெருமையோடு பேணிவந்த நிபுணருக்குக் கிடைத்தது மொட்டைக்கறுப்பன். அவர் அதை இறுதிவரை மன்னிக்கவில்லை. சிறுநீர் மாதிரிகள் கிளிநொச்சிப் பரிசோதனைக் கூடத்துக்குப் போவது கமுக்கரின் சாப்பாட்டுக் கரியரில். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் தெரிந்தவர் ஒருவர், “என்ன கறி ஐயா?” என்று மரியாதைக்குக் கேட்டார். கமுக்கர் பேசாமல் இருந்திருக்கலாம். “ரசம்,” என்றார். “எனக்கும் ரெண்டு நாளாத் தடிமன், மூக்கடைப்பு,” என்று மற்றவர் கரியரை ஏக்கத்தோடு நோக்கினாராம். கமுக்கர் வந்த பஸ்ஸில் ஏறினார். அது கிளிநொச்சிக்கு எதிர்த்திசையில் போகும் பஸ்.

இனிப் பச்சைப்பெருமாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒரு தாதி. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கும் அவர் இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார். இரட்டை முறை வேலையில் முதுகு நொந்து, நோவுக்குக் குளிசை போடத் தொடங்கியவர். பிறகு குளிசைக்காக நோவைத் தேடியவர். பதினொரு மாதமாக ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவில்லை. இன்னும் நான்கு செவ்வாய்கள் இருந்தன. பெயர் வெளியே வந்தால், பதிவு தப்பினாலும், எந்தத் தாயும் பிள்ளையின் கையை அவரிடம் நீட்டமாட்டாள்.

அப்படியொரு செவ்வாயன்று அவர் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்த சற்று நேரத்தில், எதிர்த் தேநீர்க் கடை மகேஸ் அக்காவின் குரல் யன்னல் வழியாக வந்தது. கமுக்கர் என்ற பெயரைச் சூட்டியவர் அவர்தான்.

“உந்த நேர்ஸ் மிஸ் ஏன் செவ்வாய்க்குச் செவ்வாய் இஞ்ச வாறா? அவாவுக்கு வயலும் இல்லை.”

“ஆசுப்பத்திரியிலை அவாவிட்டை இருந்து திறப்பை வாங்கிப்போட்டினமாம்,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். “என்ரை மச்சாள் சொன்னவா.”

“மருந்துத் திறப்போ?”

“பின்னை என்ன, கோயில் திறப்போ?”

வரிசை முழுவதும் எங்கள் கதவைத் திரும்பிப் பார்த்தது. பச்சைப்பெருமாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நான் இனி வரேல்லை, பிள்ளை,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்கதவை நோக்கி நடந்தார்.

“இருங்கோ,” என்றார் கமுக்கர். பிறகு, எப்போதும் அரை அடிக்கு மேல் திறவாத முன்கதவை அகலத் திறந்து, வெளியே போய் நின்றார். அவரிடம் அவ்வளவு குரல் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன்.

“எல்லாரும் கேளுங்கோ. நான் பென்சன் எடுத்து வந்தவன் இல்லை. நோயாளியளுக்கு நோவுக்குப் போட வைச்சிருந்த ஊசியை நானே எனக்குப் போட்டனான். அதாலை வேலை போச்சுது. மனுசியும் பிள்ளையளும் விட்டிட்டுப் போட்டினம். கனபேர் பிடிச்சு இழுத்துத்தான் நான் கரைக்கு வந்தனான். உந்த மிஸ் கிழமைக்கொருக்கா வந்து என்னைச் சோதிச்சுப்போட்டுப் போறவா.”

“அப்ப திறப்பு?” என்றார் மச்சாளையுடையவர். “வாயை மூடு,” என்றார் மகேஸ் அக்கா.

உள்ளே வந்த கமுக்கர் தண்ணீர் கேட்டார். பதிவேடு என் முன்னால் திறந்து கிடந்தது.

“ஐயா, உதை எப்பிடி எழுதுறது? பொய்யெண்டோ?”

“கடைசி வசனம் மட்டுந்தான் பொய், பிள்ளை. மற்றதுகளை எழுதத் தேவையில்லை.”

பச்சைப்பெருமாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மீண்டும் அமர்ந்தார். அந்தச் செவ்வாயிலும் அடுத்து வந்த செவ்வாய்களிலும் தவறாமல் கையெழுத்திட்டார். சான்றுக் கடிதத்தைப் பெற்ற நாளில் கமுக்கரின் கையைப் பற்றியபடி சிறிது நேரம் நின்றார்.

கமுக்கரின் இரகசியத்துக்கு ஊர் உடனடியாகப் பொறுப்பேற்றுக்கொண்டது. அவருக்குத் தலைவலியென்றால் கடைகளில் பனடோல் இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாகக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். ஒருவர் வீட்டுக் கொல்லையிலிருந்து பூசணிக்காய் கொண்டுவந்து தந்து, அந்தச் சாட்டில் அவர் கண்களை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். காலை தோறும் மகேஸ் அக்கா வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து, ஊரே கேட்கும்படி விசாரிப்பார்: “ஐயா, நேற்றும் ஒண்டும் போடேல்லைத்தானே?” வாழ்நாளில் ஒரு கேள்விக்கும் நேராக விடை சொல்லியறியாத மனிதர் வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார்: “இல்லை, பிள்ளை. நேற்றும் இல்லை.”

பல்கலைக்கழகம் திறந்தபின், விடுமுறைக்கு வரும்போது காலைப் பஸ் மகேஸ் அக்காவின் கடையடியில் சற்று நின்று புறப்படும். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் நான் யன்னலை இழுத்து மூடுவேன்.